வலப்பக்கத்துக் குமிழ்

சிங்கப்பூரிலிருந்து அப்பா கொண்டுவந்த டிவி விளையாட்டுப் பெட்டியில் இரண்டு கோடும் ஒரு புள்ளியும்தான் ஓடும். அண்ணன் தம்பிக்கு ஆளுக்கொரு குமிழ்; திருப்பினால் கோடு நகர்ந்து புள்ளியைத் தட்டும். தோற்றவன் முதுகில் ஜெயித்தவன் குத்த வேண்டும். வலப்பக்கக் குமிழ் எப்போதும் சின்னவன் மதிவாணனுக்கு. ஆடிய ஐந்து வருடமும் குத்து வாங்கியது அவன்தான், பாவம் பிள்ளை.

ஐம்பது வயதில், குறுவை அறுப்புக்கு ஊருக்கு வந்தவன் பரணில் அந்தப் பெட்டியைக் கண்டு ஆசையாகக் கழற்றிப் பார்த்தான். வலப்பக்கக் குமிழுக்குள் ஒரு தீக்குச்சி செருகியிருந்தது. பாதிக்கு மேல் திரும்பாது.

"நீதான் வச்சியாண்ணே?"

"இப்பத்தான் கண்டுபிடிச்சியாடா மக்கு?" என்று வீரையன் சிரித்தான்.

மதிவாணன் பெட்டியாலேயே அண்ணன் வாயில் அடித்தான். பல் தெறித்தது. மறுபடியும் ஓங்கினான்.

வீரையன் ரத்தத்தைத் துப்பினான். "கையால அடிடா. பெட்டி உடைஞ்சிரும்."

மதிவாணன் பெட்டியைப் பத்திரமாகக் கீழே வைத்தான். பிறகு கையை ஓங்கினான்.