கைப்பிடி முடிந்த இடம்

கட்டடக் கலைஞர் சங்கத்தின் சொந்தக் கட்டடத்தில், மாடியில் இருக்கும் பயிற்சிக்கூடத்திலிருந்து கீழே வரவேற்பறைக்குப் பதினேழு படிகள். மூன்று வருடங்களில் ஏழு பேர் அதில் விழுந்திருந்தார்கள். ஏழு பேரும் கடைசிப் படியில்தான் விழுந்தார்கள். பதினாறு படிகளை ஒழுங்காக இறங்கிவிட்டு, நீந்தி வந்தவன் கரையோரத்தில் மூழ்கியதுபோல, தரைக்கு ஒரே ஒரு படி இருக்கும்போது விழுந்தார்கள். ஏன் என்பது சங்கத்தின் பயிற்சிச் செயலாளருக்கு விளங்கவில்லை.

அவள் டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு படிகளில் குந்தினாள். படியின் உயரம் மாறினால் கால் தடுமாறும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. இறங்குகிற கால் முதல் இரண்டு படிகளிலேயே உயரத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். அதன்பிறகு கண்ணிடம் யோசனை கேட்பதில்லை. நடுவில் ஒரு படி விரல்நகத்தின் அகலம் கூடினாலும் போதும், கால் ஏமாந்துவிடும். ஆனால் இங்கே பதினேழும் ஒரே உயரம். ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. கல் வழுக்கவில்லை. வெளிச்சமும் குறைவில்லை.

எட்டாவதாக விழுந்தவர்தான் அவளை அங்கே குந்த வைத்தார். ரெஜிஸ்டர் அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் அலுவலக எழுத்தர். உறுப்பினர்களின் பயிற்சிப் புள்ளிகளை இருபத்துநான்கு வருடங்களாகப் பதிவேட்டில் எழுதி வருகிறவர்; அச்சடித்ததுபோல் இருக்கும் கையெழுத்து. இடது கையில் பதிவேட்டோடு இறங்கிய அக்கா கடைசிப் படியில் விழுந்தார். எழுதுகிற வலது கையின் மணிக்கட்டு இரண்டாக முறிந்தது.

நிர்வாகக் குழுவில் தலைவர் ஒரு கடிதத்தை வாசித்தார். தன் கவனக்குறைவால் விபத்து நேர்ந்ததாக அக்கா ஒப்புக்கொண்டால் விருப்ப ஓய்வு; இல்லையென்றால் பணிநீக்கம்.

"படியில ஏதோ கோளாறு இருக்குன்னு அக்கா சொல்றாங்க சார்," என்றாள் செயலாளர்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்றார் தலைவர். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பேரும் கூடம் கட்டுகிறவர்கள். கூடம் கோணலாகவும் இருக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சிரிப்பு அடங்கியதும் தலைவர் விஷயத்துக்கு வந்தார். பதிவுபெற்ற கட்டடக் கலைஞரின் கையெழுத்தில்லாமல் எந்தக் கட்டடமும் எழக் கூடாது, மக்களின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது என்று சங்கம் அரசுக்கு மனுக் கொடுத்திருந்தது. அடுத்த மாதம் அமைச்சகத்திலிருந்து ஒரு குழு இந்தக் கட்டடத்துக்கே வரப்போகிறது. மனுவின் அட்டையில் இருக்கும் புகைப்படமும் இந்தப் படிக்கட்டுதான். வடிவமைத்தவர் தலைவர்.

"நீயே பார்த்து ஒரு அறிக்கை எழுதிக் குடும்மா. ஒரு பக்கம் போதும். சீக்கிரம் முடி."

அந்த வாரம் 'விபத்தில்லாக் கட்டடம்' என்று ஒரு வகுப்பு இருந்தது. வந்தால் இரண்டு புள்ளி. வருடத்துக்குப் பத்துப் புள்ளி சேராவிட்டால் உறுப்பினர் சான்று புதுப்பிக்கப்படாது என்பதால் எந்த வகுப்புக்கும் கூட்டம் குறையாது. சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் இறங்கி வரும்போது, அவள் வரவேற்பறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நோட்டில் கோடு கிழித்துக் குறித்துக்கொண்டாள். கைப்பிடியைப் பிடித்து வருகிறவர்கள் ஒரு பக்கம், பிடிக்காமல் வருகிறவர்கள் மறுபக்கம்.

அறுபத்துநான்கு பேர் இறங்கினார்கள். நாற்பத்தொரு பேர் கைப்பிடியைத் தொடவே இல்லை. போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள், திரும்பிப் பேசிக்கொண்டு வந்தார்கள், இரண்டு பேர் பந்தி முடிந்துவிடும் என்பதுபோல் ஓடி வந்தார்கள். ஒருவர்கூடத் தடுமாறவில்லை. மீதி இருபத்துமூன்று பேர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பதமாக இறங்கினார்கள். அவர்களில் ஆறு பேருக்குக் கடைசிப் படியில் கால் தொபுக்கென்று விழுந்தது. ஆளே விழாத குறை.

பருத்த உறுப்பினர் ஒருவர் தூணைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். "யானைக்கும் அடி சறுக்கும்மா, விடு."

"யானை கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டா வந்துச்சு சார்?"

"நான் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன். எனக்கு முட்டி வலி. பிடிக்காம இறங்குவேனா?"

அவள் நோட்டைப் பார்த்தாள். கவனமில்லாதவர்கள் தடுமாறவில்லை. கவனமாக வந்தவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

கூட்டம் கலைந்தபின் அவள் மேலே போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி இறங்கினாள். இறங்கும்போது கை உடம்புக்கு ஒரு படி முன்னால் போகிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தாள். குருடனுக்குக் கோல் எப்படியோ, காலுக்குக் கை அப்படி. முன்னால் போய்ப் பார்த்துச் சேதி சொல்லும். கைப்பிடி சரிந்துகொண்டே போனால் 'இன்னும் படி இருக்கிறது' என்று அர்த்தம். கைப்பிடி மட்டமானால், அல்லது முடிந்துவிட்டால், 'வந்துவிட்டோம்' என்று அர்த்தம். கால் அதை நம்பும். அவளுடைய கை திடீரென்று காற்றைப் பிடித்தது. கால் இன்னும் ஒரு படி இறங்கிவிட்டு, தரை வந்துவிட்டது என்று நினைத்து வீசி நடந்தது. தரை இல்லை. முழங்கால் வரை அதிர்ந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தாள். கைப்பிடி பதினாறாம் படிக்கு மேலேயே முடிந்திருந்தது. பதினேழாம் படிக்குக் கைப்பிடி இல்லை. போதாததற்குப் படியும் தரையும் ஒரே சாம்பல் கல். அங்கே கண்ணும் உதவாது.

ஏன் அங்கே முடிந்தது? அவள் ஆவண அலமாரியைத் திறந்து படிக்கட்டின் வரைபடத்தை எடுத்தாள். முதல் வரைபடத்தில் கைப்பிடி கடைசிப் படியைத் தாண்டித் தரைக்கு மேல் ஓரடி போயிருந்தது. அதன்மேல் தலைவரின் சிவப்புப் பென்சில்: 'வெட்டு. சன்னல் விளிம்போடு நிற்கட்டும்.' இரண்டாவது வரைபடத்தில் கைப்பிடி, பின்னால் இருக்கும் சன்னலின் விளிம்புக்கு நேராக, கத்தியால் சீவியதுபோல் நின்றது. முன்னால் நின்று படம் எடுத்தால் இரண்டும் ஒரே கோடாகத் தெரியும். மனுவின் அட்டையில் அப்படித்தான் தெரிகிறது.

தாளின் மூலையில், 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் ஒரு சுருக்கொப்பம். பதினான்கு வருடங்களுக்கு முன்னால், தலைவரின் அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், அவள் போட்டது. அன்றைக்கு அந்தக் கோடு அவளுக்கும் அழகாகத்தான் தெரிந்தது. அதில் நடக்கப்போகும் கால் எதையும் அவள் நினைக்கவில்லை.

அறிக்கையை அன்றே எழுதிவிட்டாள். கொடுக்கத்தான் இல்லை.

"பதினோரு நாளா அதை அடைகாக்குற. குஞ்சு பொரிக்குமா?" என்றார் சாப்பிடும்போது அவள் கணவர்.

"கொடுத்தா என் பேரும் வரும்."

"வரட்டுமே. வரைபடத்துல ஏற்கெனவே வந்திருக்கே."

அவளுக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னவர்மேல் வருகிற கோபம். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மறுநாள் காலையில் அறிக்கையை எடுத்துக்கொண்டு, முதலில் அக்காவிடம் காட்டலாம் என்று அவர் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது அக்காவின் தங்கை. "உள்ள வாங்க. எங்க வீட்டுப் படி ரெண்டே ரெண்டு. ஒரு கொத்தனார் கட்டுனது. இதுவரைக்கும் யாரும் விழுந்ததில்ல."

"சும்மா இருடி," என்றார் அக்கா உள்ளேயிருந்து. கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

செயலாளர் நோட்டைக் காட்டி, வரைபடத்தைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினாள். கை எப்படி முன்னால் போகிறது, கால் எப்படி அதை நம்புகிறது, எப்படி ஏமாறுகிறது. அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டார்.

"அப்போ நான் கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டுக் கவனமா வந்ததாலதான் விழுந்தேன்."

"ஆமாக்கா."

"இது எப்போ தெரிஞ்சுது மேடம்?"

அவள் நோட்டை மூடினாள். "பன்னெண்டு நாளாச்சு."

அக்கா கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். தங்கைதான் பேசினாள். "நேத்து உங்க ஆபீஸ்லருந்து ரெண்டு பேர் வந்தாங்க. கவனக்குறைவுன்னு எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னாங்க. இவளால பேனா பிடிக்க முடியல. இடது கைப் பெருவிரல்ல மை தடவி ரேகை வாங்கிட்டுப் போனாங்க. ஊர்ல உள்ள ஆர்க்கிடெக்ட் பேரையெல்லாம் முத்து முத்தா எழுதினவ. கைநாட்டு வெச்சு வேலையை விட்டா."

"ஏங்க்கா வெச்சீங்க? ஒரு நாள் பொறுத்திருந்தா..."

"யாரு பேசப்போறாங்கன்னு நெனச்சேன்," என்றார் அக்கா. "நீங்களும் வரல."

குரலில் சூடே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று மாலைக் குழுவில் அவள் அறிக்கையை வைத்தாள். வரைபடத்தையும் அதன்மேல் வைத்து, "வரைஞ்சது நான்தான்," என்றாள். தலைவர் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"நல்ல ஆராய்ச்சி. ஆனா அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்களே. அப்புறம் இது எதுக்கு? வர்றவங்க முன்னாடி நம்ம கட்டடத்தை நாமே குறை சொல்றதா?"

"கைப்பிடியையாவது நீட்டலாம் சார்."

"அந்தக் கோடு போயிடும்மா. நீயே வரைஞ்சது, உனக்குத் தெரியாதா?" என்றார் தலைவர், ஏதோ பழைய நண்பரிடம் சொல்வதுபோல்.

பாதுகாப்புக்காக ஓர் அறிவிப்பு வைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானமானது. 'கவனமாக இறங்கவும். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவும்.' பொன்னிறப் பலகை, அழகான எழுத்து. பலகையைப் படித்தவர்கள் சொன்னதைச் செய்தார்கள். அதுவரை வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் விழுந்த படியில் இரண்டு வாரத்தில் நான்கு பேர் விழுந்தார்கள். நான்காவது ஆள் சங்கத்தின் பொருளாளர், கணுக்கால் வீங்கிவிட்டது. விபத்துப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'செருப்பு வழுக்கியது' என்று எழுதினார்கள். அதற்கு நான்கு வரி மேலே அக்காவின் பெயர் இருந்தது. அதற்கு நேரே ஒற்றைச் சொல்: கவனக்குறைவு. அதை அடித்துத் திருத்தும்படி அவள் மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மூன்றும் 'பார்வைக்கு வைக்கப்பட்டது'.

அமைச்சகத்துக் குழு லிஃப்டில் வந்து லிஃப்டில் போனது. படிக்கட்டைக் கீழேயிருந்து பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொன்னார்கள்.

கட்டடத்தில் ஒரு ஆணியை மாற்றவும் குழுவின் அனுமதி வேண்டும். ஆனால் பயிற்சிக்கான மாதிரிகளைச் செயலாளரே வைத்துக்கொள்ளலாம் என்று சங்க விதியில் ஒரு வரி இருந்தது. விதிகளை வரி வரியாகப் படிக்கிற பழக்கம் உள்ளவள் அவள். பயிற்சி மாதிரி என்று எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெல்டரை வரச்சொன்னாள்.

வெல்டர் கைப்பிடியின் நுனியைத் தடவிப் பார்த்தார். "யாரும்மா இதை இங்க நிறுத்துனது?"

"நான்தான்."

அவர் வேறொன்றும் கேட்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பழைய குழாயின் முனையில் இரண்டடிக் குழாயைப் பற்றவைத்தார். அதில் ஓரடி பதினேழாம் படியோடு சரிந்து இறங்கியது. மீதி ஓரடி தரைக்கு மேல் மட்டமாக நீண்டது. சன்னலின் கோடு உடைந்தது. திங்கட்கிழமை வந்தவர்கள் இது என்ன அசிங்கம் என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டே அதைப் பிடித்து இறங்கினார்கள். அந்த மாதம் யாரும் தடுமாறவில்லை. அடுத்த மாதமும் இல்லை. அக்காவின் நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

தீர்வு இவ்வளவுதான்: கைப்பிடி கடைசிப் படிக்கு முன்னால் முடியக் கூடாது. கடைசிப் படியையும் தாண்டி, தரைக்கு மேல் ஓரடி மட்டமாகப் போய் முடிய வேண்டும்.