கன்னி மூலை வடிகால்

மனைப்பிரிவு வரைபடங்களை எங்கள் நகரமைப்பு அலுவலகத்தில் நான்தான் சரிபார்ப்பேன். 1996 சித்திரையில் மனை வியாபாரி நாறும்பூநாதன் அண்ணாச்சி ஒன்றைக் கொண்டுவந்தார். பேட்டைக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் வயலை முப்பத்திரண்டு மனைகளாக நறுக்கியிருந்தார். தெருவில் ஒரு மாடு திரும்ப இடமில்லை. மழைநீர் வடிகால் காட்டாமல் அனுமதி கிடையாது என்பதால், வடகிழக்கில் ஒப்புக்கு ஒரு கோடு இழுத்திருந்தார்.

நேரில் போய் மட்டம் பார்த்தேன். நிலம் தென்மேற்கே ஒன்றேகால் அடி சரிந்து கிடந்தது. வாய்க்காலும் அந்தப் பக்கம்தான். தண்ணீரை மேட்டில் ஏறச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை என்று வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"தென்மேற்குன்னா கன்னி மூலைலா, அது வழியா தண்ணி வெளிய போனா குடும்பம் விளங்குமா சார்? ஒரு மனை விக்காது. வடகிழக்கு ஈசானியத்துலதான் போகணும்" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் மனை வாங்குகிற பதினெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர்களில் ஒருத்தி முத்துராணி. சத்துணவுக்கூடத்தில் சமையல் வேலை, புருஷன் இல்லை. தென்மேற்குக் கடைசி மனை அவளுடையது. நான் சொன்ன வடிகால் அவள் மனையை ஒட்டித்தான் போகும்.

"என் மூலையில குழி தோண்டாதிய சார். இருக்கது ரெண்டு பொட்டப்பிள்ளைய. அதுக நல்லா இருக்கணும்லா" என்று அழுதாள்.

ஜன்னல் அரையடி நகர்ந்திருந்தாலும் கொத்தனாரைத் தெருவில் நிறுத்திக் கிழிக்கிறவன் நான். அன்றைக்கு என்ன வந்ததோ, அழுகிற பொம்பளையிடம் எதற்கு வம்பு என்று கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.

அடுத்த வருஷம் கார்த்திகைக்குள் எல்லா மனையிலும் வீடு எழும்பிவிட்டது. ஆளாளுக்குப் பக்கத்து வீட்டைவிட ஒரு படி உயர்த்தி மண் அடித்தார்கள். முத்துராணிக்கு அந்த வசதியில்லை. மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் தெருத் தண்ணீர் முழுக்க அவள் வீட்டில் போய் நின்றது.

தகவல் கேட்டு ஓடினேன். அடுப்படியில் இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகள் இரண்டும் கட்டிலில் ஏறி நின்று நடுங்கின. அவள் வீட்டுத் தென்மேற்குச் சுவரை உடைத்தால் தண்ணீர் வாய்க்காலுக்குப் போய்விடும் என்றேன். தெரு ஆம்பிளைகள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"கன்னி மூலையைப் போயி உடைக்கவா? பொறுங்கவே, மழை இப்ப வெறிச்சிரும்" என்றார் ஒருவர்.

முத்துராணி யாரையும் கேட்கவில்லை. கடப்பாரையை எடுத்து அவளே சுவரில் போட்டாள். நாலைந்து கல் பெயர்ந்ததும் தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்தது.

பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"தண்ணி இங்கனதான் போகும்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்லா சார்?"

"தெரியும்."

"நான் அறிவில்லாம அழுதேன். ஏட்டி, உம்பிள்ளைய தண்ணியில நிக்கும்னு என்னை ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"