சோம்வாரி பேசிய தமிழ்

மைக்கில் தன் பெயர் கேட்டபோது ஜோதிகா ஒரு குழந்தைச் சட்டையின் தோளை ஓவர்லாக் மெஷினில் பாதி ஓட்டியிருந்தாள். "நாலாவது லைன் ஜோதிகா, ஹெச்.ஆர். ரூமுக்கு வரவும்." லைன் முழுக்கத் தலைகள் திரும்பின. பெடலிலிருந்து காலை எடுக்க மறந்துவிட்டதால் தையல் சட்டையை விட்டு வெளியே போய் வெறும் நூலாகப் பின்னிக்கொண்டு ஓடியது. தான் தைத்த பீஸ் ஏதாவது திரும்பி வந்துவிட்டதா, போன வாரம் சொல்லாமல் போட்ட லீவா என்று யோசித்துக்கொண்டே துப்பட்டாவில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

ஹெச்.ஆர். ஆபீசர் சகாயராஜ் அவளை உட்காரச் சொன்னார். முதலிபாளையத்தில் இந்தக் கம்பெனிக்கு வந்ததிலிருந்து அந்த அறையில் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை.

"உனக்கு இந்தி தெரியுமாமே?"

"பேசுவேன் சார். எழுதப் படிக்க வராது."

"எங்க கத்துக்கிட்ட?"

அதை எப்படிச் சொல்வது? அவள் மெஷினுக்கு முன்னால் ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி, பின்னால் ஒடிசாப் பெண் ஒருத்தி. முதலில் கத்தரிக்கோல் கேட்டார்கள், பிறகு நூல் கேட்டார்கள், பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து ஊறுகாய் கேட்டார்கள். சண்டை வந்தது, சமாதானம் வந்தது, ஊரில் விட்டு வந்த காதலன் கதை வந்தது. ஒருநாள் அவர்கள் சொன்ன வேடிக்கைக்கு எல்லோருக்கும் முந்தித் தான் சிரித்துவிட்டபோதுதான் அந்தப் பாஷை தனக்குள் வந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. "லைன்ல சார்" என்றாள்.

சகாயராஜ் விஷயத்தைச் சொன்னார். ஆறாவது லைனில் தைக்கும் ஜார்க்கண்ட் பெண் சோம்வாரி, லைன் சூப்பர்வைசர் சண்முகவேல் மேல் புகார் கொடுத்திருக்கிறாள். நாளைக்குக் காலையில் பெண்களின் புகார்களுக்கான கமிட்டி விசாரிக்கிறது. வழக்கமாக இந்திக்கு ஹாஸ்டல் வார்டனைத்தான் கூப்பிடுவார்கள். வார்டன் வந்தால் வாயே திறக்க மாட்டேன் என்று சோம்வாரி சொல்லிவிட்டாளாம். ஜோதிகா தீதி, அதாவது ஜோதிகா அக்கா வந்தால் பேசுகிறேன் என்றாளாம்.

"என்னையவா சார் கேட்டா?"

"உன்னையத்தான்."

சோம்வாரியோடு அவள் அதிகம் பழகியதுகூட இல்லை. கேண்டீனில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அப்படியும் தன் பெயரை ஒருத்தி நினைத்து வைத்துச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதில் ஜோதிகாவுக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"ஒண்ணு மட்டும் பாத்துக்க" என்றார் சகாயராஜ், பேனாவை மூடித் திறந்தபடி. "பச்சை பச்சையா ஏதாச்சும் வந்தா அப்படியே சொல்லணும்னு இல்ல. நாகரிகமா, சுருக்கமாச் சொல்லிரு. உனக்கும் கூச்சமா இருக்காது, கம்பெனிக்கும் நல்லது. நாளைக்கு வரைக்கும் அந்தப் பொண்ணுகிட்ட இதப் பத்திப் பேசாத."

அவள் தலையாட்டினாள்.

டீ நேரத்துக்குள் செய்தி தையல் தளம் முழுக்கப் பரவிவிட்டது. சண்முகவேல் கையில் டீ டம்ளரோடு அவள் மெஷினருகே வந்து நின்றார். நாலாவது லைனும் ஆறாவது லைனும் அவர் பொறுப்புதான். ஜோதிகாவிடம் அவர் ஒருநாளும் தவறாக நடந்துகொண்டதில்லை. அவள் அம்மா ராக்கம்மாளைத் தைத்த துணியில் நூல் பிசிர் வெட்டும் வேலைக்குச் சேர்த்துவிட்டவரே அவர்தான். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கேள்வி கேட்காமல் அனுப்பி வைப்பார்.

"ஏங்கண்ணு, நாளைக்கு நீதான் பேசறயாமா?"

"ஆமாங்க சார்."

"பாத்துப் பேசு கண்ணு. அந்தப் புள்ளைக்குத் தமிழு ஒரு வார்த்தை தெரியாது. ஜல்தியாத் தையின்னு ஒரு சத்தம் போட்டிருப்பேன். அதப் போயி அது என்னமோ ஏதோன்னு நெனச்சுக்கிச்சு. புரியாத புள்ளைக்கு நான் என்ன சொன்னேன்னு எப்புடிங் கண்ணு தெரியும்?" சிரித்தார். அவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. அவர் போன பிறகும் வெகுநேரம் ஜோதிகாவுக்குத் தையல் நேராக வரவில்லை.

வீட்டில் அம்மா சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள். கமுதிப் பக்கத்திலிருந்து வந்து எத்தனையோ வருஷமாகியும் அம்மாவின் பேச்சு மாறவில்லை.

"நமக்கு எதுக்குடி இந்த வம்பு? வேல வாங்கிக் குடுத்த மனுசன்."

"நானா பேசப் போறேன்? அவ பேசுறத எடுத்துச் சொல்லப் போறேன். அம்புட்டுத்தான்."

"வாயி ஒன்னோடதுதானே?"

ஜோதிகா தட்டுகளை எடுத்து வைத்தாள். அம்மா, "பெரிய ஆளுகல்லாம் வருவாகளோ?" என்றாள்.

"கோயமுத்தூர்ல இருந்து வக்கீலம்மா ஒருத்தவுக வர்றாகளாம்."

ராக்கம்மாள் மகளின் நீலச் சுடிதாரைக் கொடியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் இஸ்திரிப் பெட்டி வாங்கப் போனாள்.

பாத்திரம் விளக்கும்போது ஜோதிகா தனக்குத்தானே இரண்டு பாஷையிலும் மாறி மாறிப் பேசிப் பார்த்தாள். நான் சொல்கிறேன், அவர் சொன்னார், அவள் சொல்கிறாள். கெட்ட வார்த்தைகள் இந்தியில் அவளுக்கு ஏராளமாகத் தெரிந்திருந்தன. சண்டையில் கற்றுக்கொண்டவை. அவற்றைத் தமிழில் யோசித்தபோதுதான் குழாயடியில் தனியாக நின்றும் முகம் சூடேறியது. இந்தியில் எளிதாக வந்ததெல்லாம் தமிழில் தொண்டையோடு நின்றுவிட்டது.

மறுநாள் விசாரணை அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் கமிட்டித் தலைவியான அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சித்ராதேவி. அவருக்குப் பக்கத்தில் கமிட்டியின் வெளி உறுப்பினரான வக்கீல் ஞானாம்பாள், நரைத்த முடியை ஒட்ட வெட்டியவர். ஓரத்தில் தொழிலாளர் சார்பில் செக்கிங் பிரிவு மருதம்மாள். சண்முகவேலைக் காலையிலேயே தனியாக விசாரித்து அனுப்பிவிட்டார்கள். சோம்வாரி முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுகூட இருக்காது. ஜோதிகாவைப் பார்த்ததும் நாற்காலியைச் சற்று அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பேச ஆரம்பித்ததும் அவள் நிறுத்தவில்லை. தையல் பார்க்கிற மாதிரிக் குனிவார், கை மெஷின் மேல் இருக்காது, இடுப்பில் இருக்கும் என்றாள். எழுந்தால் இன்னும் நெருங்கி நிற்பார் என்றாள். எந்த விரல், எவ்வளவு நேரம் என்றெல்லாம் சொன்னாள். ஜோதிகா கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தபோது, "சூப்பர்வைசர் சார் தப்பா நடந்துக்கிறாருன்னு சொல்றாங்க" என்றாள்.

ஞானாம்பாள் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, அந்தப் பொண்ணு இவ்வளவு நேரம் பேசுச்சு. நீ ஒரே வரியில முடிச்சுட்டயே. மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

ஜோதிகாவுக்குக் காது மடல் சுட்டது. சோம்வாரிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நீளம் தெரியும். தான் சொன்னதில் பெரும்பகுதி காணாமல் போனதை அவள் உணர்ந்துவிட்டாள். ஜோதிகாவின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தவறான ஆளைக் கேட்டுவிட்டோமோ என்ற சந்தேகம்தான் இருந்தது. அதுதான் ஜோதிகாவை உலுக்கியது.

"மறுபடி சொல்றேன் மேடம்" என்றாள். முதலிலிருந்து சொன்னாள். இடுப்பு, விரல், மூச்சு, எல்லாவற்றையும் தமிழில் அதனதன் பேரிலேயே சொன்னாள். முதல் வார்த்தைதான் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி வந்தது. தன் குரல் இவ்வளவு தெளிவாக ஒலிக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. மருதம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். சித்ராதேவி எழுதிக்கொண்டே போனார்.

"கெட்ட பேச்சுப் பேசினதா புகார்ல இருக்கு" என்றார் சித்ராதேவி. "என்ன பேசினார்? வேலையை வேகமாச் செய்யச் சொன்னேன், இந்தப் பொண்ணுக்குத் தமிழே தெரியாதுன்னு அவர் சொல்றாரு."

ஜோதிகா கேட்டாள். சோம்வாரி, அர்த்தம் தனக்குத் தெரியாது என்றாள். தினமும் சொன்னதால் மனப்பாடம் ஆகிவிட்டது என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏங்கண்ணு" என்று தொடங்கினாள்.

அது அவள் குரலே இல்லை. சண்முகவேலின் இழுவை, சண்முகவேலின் கொஞ்சல், வாக்கிய முடிவில் அவர் விடும் சிறு சிரிப்புகூட அப்படியே வந்தது. ஒரு வாக்கியம், பிறகு இன்னொன்று, அதைவிட மோசமாக இன்னொன்று. ஒரு எழுத்துப் பிசகவில்லை. கோயிலில் பாட்டு ஒப்பிக்கும் பிள்ளையைப் போல எந்த வெட்கமும் இல்லாமல், எதுவும் தெரியாத முகத்தோடு அவள் சொல்லிக்கொண்டே போனாள். சித்ராதேவியின் பேனா நின்றுவிட்டது. மருதம்மாள், "அட முருகா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மொழிபெயர்க்க ஜோதிகாவுக்கு ஒன்றுமே மிச்சமில்லை. அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சொன்னவளைத் தவிர.

சோம்வாரி கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு ஜோதிகாவிடம், "இஸ்கா மத்லப் க்யா ஹை, தீதி?" என்றாள்.

"என்ன கேக்கறா?" என்று கேட்டார் சித்ராதேவி.

"அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கறாங்க மேடம்."

"ஐயோ, வேண்டாம்" என்றார் சித்ராதேவி. "பாவம், சின்னப் பொண்ணு. சொல்லிடாதே."

ஜோதிகா வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை யாரும் தனக்குச் சொல்லித் தரப் போவதில்லை என்று புரிந்தது. அவள் நாற்காலியைத் திருப்பி சோம்வாரிக்கு நேராக உட்கார்ந்தாள்.

"அது அவங்களுக்குச் சொன்னது மேடம்" என்றாள். "எல்லாருக்கும் தெரிஞ்சு அவங்களுக்கு மட்டும் தெரியாம இருக்கக் கூடாதுங்க."

இந்தியில் சொன்னாள். மெதுவாக, எதையும் விடாமல். சோம்வாரியின் கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது. அவள் அழவில்லை. மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து முழுக்கக் குடித்தாள். மூடியைத் திருகி வைத்தாள். "எழுதச் சொல்லு" என்றாள். "நான் சொன்ன மாதிரியே எழுதச் சொல்லு."

சித்ராதேவி எழுதினார். தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று ஒரு வாக்கியத்தை இரண்டாம் தரம் சொல்லச் சொன்னார். சோம்வாரி சொன்னாள்.

விசாரணை முடியும் வரை சண்முகவேல் தளத்துக்குள் வரக் கூடாது என்று மதியமே உத்தரவு வந்தது. கடைசி முடிவு என்ன ஆகும், அவர் திரும்பி வருவாரா, ராக்கம்மாளின் வேலை நிலைக்குமா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. சகாயராஜ் படிக்கட்டில் ஜோதிகாவைக் கடந்து போகும்போது நின்றார். தலையசைத்துவிட்டுப் போனார். பிசிர் வெட்டும் இடத்திலிருந்து ராக்கம்மாள் எழுந்து வந்தாள். திட்டப் போகிறாள் என்று ஜோதிகா நினைத்தாள்.

"எல்லாத்தையும் சொன்னியா?"

"சொன்னேன்."

"நல்லாக் கேக்குற மாதிரிச் சொன்னியா?" என்றாள் அம்மா. பதிலுக்குக் காத்திராமல் கத்தரியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீன் கொதித்துக்கொண்டிருந்தது. ஜோதிகா தட்டை வைத்ததும் சோம்வாரியும் ஹாஸ்டல் பெண்களும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். 'கையை எடு' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று சோம்வாரி கேட்டாள். ஜோதிகா சொல்லிக் கொடுத்தாள். அதில் 'ழ'வும் இல்லை, 'ற'வும் இல்லை, சுலபம்தான் என்று சிரித்தாள். "கைய எடு" என்றாள் சோம்வாரி. ஒடிசாப் பெண் ஒருத்தி, "கைய எடு" என்றாள். அடுத்த மேசையிலிருந்து இன்னொருத்தி. வாயில் சோற்றோடும், சிரிப்போடும், ராஞ்சிப் பேச்சின் சாயலோடும் அது மேசைக்கு மேசை தாவியது. ஒருத்தி கரண்டியால் தட்டில் தாளம் போட்டாள். மருதம்மாள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்து, "இன்னும் சத்தமாச் சொல்லோணும் சாமி, அடிவயித்துலிருந்து" என்றாள்.

சண்முகவேலுக்குப் பதிலாகப் புதிதாக லைனுக்குப் போட்டிருந்த சூப்பர்வைசர் அப்புசாமி அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். "கைய எடு" என்று ஐம்பது குரல்கள் ஒரே சமயத்தில் எழுந்தன. வாசலிலேயே நின்றுவிட்ட அவர், யாரும் தன்னைச் சொல்லவில்லை என்று தெரிந்தும், சட்டைப் பையிலிருந்த வலது கையை உருவி இடது கையோடு சேர்த்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.