கடவுள் கட்டிய நாக்கு

மார்ஃபோர்ட் நகரத்துக்கு நீதிபதி வருஷத்துக்கு இரண்டு முறைதான் வருவார். அவர் வந்து போனால் இரண்டு மூன்று பேராவது தூக்கில் தொங்குவார்கள். இந்த முறை பட்டியலில் ஓபெட் பாஸ்க் பெயரும் இருந்தது. டிரெட்ஜ் பண்ணையில் ஒரு செம்மறி ஆட்டைக் காணவில்லை. ஓபெட்டின் கோட்டில் ஆட்டுக் கம்பளி ஒட்டியிருந்தது. சாட்சி அவ்வளவுதான். கயிற்றுக்கு அது போதும்.

அவன் மனைவி கெசையாவுக்கு வக்கீல் வைக்க வழியில்லை. வக்கீல் ஒருவரிடம் நகல் எழுதும் ஆள் ஒரு குவளை பீருக்கு யோசனை சொன்னான்.

"குத்தவாளியா இல்லையான்னு கேப்பாங்க. அவன் பதில் சொல்லலேன்னா கேஸே ஆரம்பிக்காதும்மா. கேஸ் நடக்காம எவன் தூக்குல போடுவான்?"

கெசையா நேரே சிறைக்குப் போனாள். ஓபெட் கல் குவாரியில் வெடி வைக்கிறவன். தூக்கத்தில்கூடப் பேசுவான்.

"கோர்ட்டுல ஒத்த வார்த்த பேசக்கூடாது" என்றாள்.

"ஜட்ஜுக்கு ஒரு வணக்கம்கூடவா?"

"கூடாது. இப்பவே ஆரம்பி."

"இப்பவேவா? சாப்பாட்டப் பத்தி ஒண்ணே ஒண்ணு..."

"ஓபெட்!"

வாயை மூடிக்கொண்டான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் சொன்னதை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒன்பது நாள் கழித்து விசாரணை. குமாஸ்தா குற்றச்சாட்டை வாசித்துவிட்டுக் கேட்டார். ஓபெட் கூரையைப் பார்த்தான். மறுபடியும் கேட்டார். அவன் கூரையையே பார்த்தான். கெசையா எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டாள். இனி எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தாள்.

நீதிபதி ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார்.

பேசாதவனுக்கும் சட்டம் இருந்தது. முதல் கேள்வி: இவன் பேசாதது வீம்பினாலா, கடவுள் செயலாலா? கடவுள் செயல் என்றால் இரண்டாவது கேள்வி: விசாரணையைப் புரிந்துகொள்ள இவனுக்குப் புத்தி இருக்கிறதா? இருந்தால் மட்டுமே மூன்றாவது கேள்வி: ஆடு திருடினானா? ஒவ்வொன்றுக்கும் ஜூரிகள் பன்னிரண்டு பேரும் தனித்தனியாகச் சத்தியம் செய்ய வேண்டும். ஒத்துப்போகும்வரை அவர்களுக்குச் சோறும் கிடையாது, குளிருக்கு நெருப்பும் கிடையாது.

முதல் சாட்சி சிறைக்காவலன்.

"கைதி பேசினானா?"

"சூப்புல உப்பு இல்லன்னு சொன்னான் எசமான்."

"எப்போ?"

"உள்ள வந்த அன்னைக்கு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் உப்பு போட்டுட்டோமே எசமான்."

அடுத்து டாக்டர் வின்டர்பர்ன். பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல டாக்டரைக் கூண்டில் ஏற்றுவது அப்போதுதான் வழக்கமாகிக்கொண்டிருந்தது. அதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரன் சொன்னால் போதும். டாக்டர் ஒரு பித்தளைத் தட்டோடு வந்திருந்தார். ஓசைப்படாமல் ஓபெட்டின் பின்னால் போய் அதைக் கல்தரையில் போட்டார். ஜூரிகள் துள்ளினார்கள். நீதிபதியின் பொய்முடி காதுக்கு இறங்கியது. குவாரியில் பத்து வருஷம் வெடி கேட்ட ஓபெட் அசையவே இல்லை.

"பார்த்தீங்களா? நாம எல்லாரும் பயந்தோம். ஏன்னா நமக்குப் புத்தி இருக்கு" என்றார் டாக்டர்.

ஜூரித் தலைவர் மெழுகுவத்திக்காரர் கிரிம்வேட். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அவர் வயிறு உறுமியது பின்வரிசைவரை கேட்டது. அந்த இடத்திலேயே பன்னிரண்டு தலைகளும் கூடிப் பிரிந்தன.

"கடவுள் செயல்."

குமாஸ்தா பதிவேட்டில் எழுதினார். ஜூரிகள் மறுபடி எழுந்து இரண்டாவது சத்தியம் செய்துகொண்டிருக்கும்போது வாசலில் சலசலப்பு. பண்ணைக்காரர் டிரெட்ஜ் மூச்சிரைக்க உள்ளே வந்தார். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் செம்மறி.

"ஐயா, கெடச்சிருச்சு! பக்கத்துப் பண்ண மந்தையில போய் மேஞ்சுட்டு இருந்திருக்கு சனியன். அந்தப் பையன விட்டுருங்க."

கெசையாவுக்கு அழுகை வந்தது. நீதிபதி ஆட்டைப் பார்த்தார். ஆடு நீதிபதியைப் பார்த்தது.

"இது மூணாவது கேள்விக்கான சாட்சி. நாம இப்ப ரெண்டாவதுல இருக்கோம். ஆட்டை வெளியில கட்டுங்க."

"எசமான், ஆடுதான் வந்திருச்சே!" என்றாள் கெசையா.

"சந்தோஷம்மா. இவனுக்குப் புத்தி இருக்குன்னு முடிவாகட்டும், அப்ப ஆட்டைக் கூப்பிடலாம்."

அவன் பேசாமலே இருந்தால் ஆட்டின் முறை வரவே வராது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"ஓபெட்! பேசு! பேசித் தொலை!"

ஒன்பது நாள் அடைத்து வைத்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. "நான் எடுக்கலய்யா! வேலியில மாட்டுன ஆட்டத் தூக்கி விட்டேன், கம்பளி ஒட்டிக்கிச்சு, தூக்கி விட்டதுக்கா தூக்கு, அதுவும் போவட்டும், அந்தச் சூப்புல இப்ப உப்புக் கரிக்குது..."

குமாஸ்தா பேனாவை உயர்த்தியபடி நீதிபதியைப் பார்த்தார். "இதை எழுதிக்கட்டுமா, பிரபு?"

"எப்படி எழுதுவீங்க? கடவுள் இவன் நாக்கைக் கட்டிட்டார்னு பன்னிரண்டு பேர் சத்தியம் பண்ணித் தீர்ப்பு சொல்லியிருக்காங்க. பதிவேட்டுல இருக்கு. ஊமை பேசினதா எப்படி எழுதறது?"

"பேசுறது காதுல விழுதே எசமான்!"

"எனக்கும் விழுதும்மா. கோர்ட்டுக்கு விழல."

டாக்டர் எழுந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "கயிறு கண் முன்னாடி தொங்கினப்போ பேசலை. ஆடு கிடைச்சு ஆபத்து போனதும் கத்தறான். புத்தி இருக்கிறவன் இதைத் தலைகீழாதானே செய்வான்?"

"நான்தான் பேசாதேன்னு சொன்னேன்! நான் சொன்னதால இந்தாளு வாயத் திறக்கல!"

டாக்டர் சோடாப்புட்டிக் கண்ணாடியை மேலேற்றினார். "உயிர் போகும்னு தெரிஞ்சும், பொண்டாட்டி சொன்னான்னு ஒன்பது நாள் பேசாம இருந்தானா?"

"ஆமா!"

கிரிம்வேட் எழுந்தார். "பிரபு, நாங்க பன்னிரண்டு பேரும் கல்யாணம் ஆனவங்க. மேற்கொண்டு ஒண்ணும் கேக்க வேண்டாம். இது பைத்தியந்தான்."

மூன்றாவது சத்தியம் தேவைப்படவில்லை. ராஜாவின் விருப்பம் தெரியும்வரை ஓபெட்டைப் பைத்தியக்கார விடுதியில் வைக்கச் சொல்லிவிட்டு நீதிபதி சாப்பிடப் போனார். ஜூரிகளும் ஓடினார்கள்.

கெசையா குமாஸ்தாவின் மேஜைக்குப் போனாள்.

"ராஜாவோட விருப்பம் எப்பத் தெரியும்?"

"அவர் சொல்லும்போது."

"ஓபெட் உள்ள இருக்கறது ராஜாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"யாரு சொல்லுவாங்க?"

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனிதர். "சொல்ற வழக்கம் இல்லம்மா. மனு போடலாம். ஆனா கைதி கையெழுத்து வேணும். பைத்தியம் போட்ட கையெழுத்து செல்லாது."

வெளியே விடுதி வண்டி நின்றது. ஓபெட் ஏற்கனவே ஏறியிருந்தான். வண்டிக்காரனிடம் குதிரையின் லாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"கெசி, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டனா?"

"இல்ல. நல்லாத்தான் பேசுன."

"ஒம்போது நாளும் நல்லா இருந்தேன்ல? ஒரு எழுத்து விடல."

"விடல."

வண்டி நகர்ந்தது. அவன் திரும்பி உட்கார்ந்து, கூரையில் ஒழுகும் இடத்தையும், கோழிக்கூண்டின் தாழ்ப்பாளையும் பற்றிக் கத்திக்கொண்டே போனான். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். வளைவு தாண்டிய பிறகும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

டிரெட்ஜ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நான் ஏதாவது செய்யணும்னா சொல்லு தாயி."

"ஆட்டக் குடுங்க."

"எதுக்கு?"

"ராஜாவுக்குக் காட்ட. வாய்ல சொன்னா இவங்களுக்குக் கேக்க மாட்டேங்குது."

டிரெட்ஜ் கயிற்றை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்களா குடுத்தீங்கன்னு மொதல்ல எழுதிக் குடுங்க. இல்லேன்னா என்னையும் புடிப்பாங்க. என்னக் கேட்டா நான் பேசிடுவேன்."

டிரெட்ஜ் உள்ளே போய்க் குமாஸ்தாவிடம் பேனா இரவல் வாங்கி எழுதிக் கொடுத்தார். அவள் அதை மடித்து உள்பாடிக்குள் வைத்துக்கொண்டு லண்டன் சாலையில் இறங்கினாள். நூற்றிருபது மைல். ஆடு பத்தடிக்கு ஒருமுறை நின்று புல் மேய்ந்தது. அவள் இழுக்கவில்லை. ராஜாவைப் பார்க்கும்போது அது கொழுகொழுவென்று இருக்க வேண்டும்.