முப்பது வயலினுக்குப் பின்னால்

பந்தலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கிளாரினெட்டிலிருந்து ரீடை அவசர அவசரமாகக் கழற்றினான் குமாரவேல். அந்த மெல்லிய துண்டின் மேல் கட்டைவிரலால் ஒரே அழுத்து. படக்! இரண்டாக ஒடிந்தது.

"ஐயய்யோ, ரீடு போச்சுப்பா!"

ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சபாபதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேற ரீடு?"

"ஊட்ல இருக்குது."

"அப்ப நீ குந்து. நாங்க மூணு பேரே வாசிச்சுக்கிறோம். பொண்ணே வாயத் தொறந்து கேட்டுட்டா. இன்னிக்கும் படகுப் பாட்டு இல்லன்னா இந்த ஜனம் என் பெட்டிய உடைச்சு அடுப்புல வெச்சிடும்."

குமாரவேல் ஒடிந்த ரீடைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நலங்குக்கு உட்கார்ந்திருந்த ஏலவார்குழலி, மாப்பிள்ளையின் பக்கத்திலிருந்து இவனைப் பார்த்துச் சிரித்தாள். "என்னா சித்தப்பா, எனக்குக்கூட வாசிக்கமாட்டியா?"

பந்தலின் கடைசிக் கால் ஓரம், வெள்ளைப் புடவையில், கூட்டத்தோடு சேராமல் நின்றிருந்தாள் அவளுடைய அம்மா அம்சவேணி. அவள் காதில் மட்டும் இந்தப் பாட்டு விழக்கூடாது. அதற்காகத்தான் ரீடே ஒடிந்தது.

காஞ்சிபுரத்துக் கல்யாணங்களில் சினிமாப் பாட்டு வாசிக்கும் நாலு பேர் கோஷ்டி அது. கிளாரினெட், ஆர்மோனியம், புல்புல்தாரா, தபலா. பெரிய வாத்தியக் கூட்டம் வாசித்த பாட்டை இந்த நாலுக்கும் அளவெடுத்து வெட்டித் தைப்பது குமாரவேலின் வேலை. எதையும் தைத்துவிடுவான். சினிமாவில் வந்து ரேடியோவில் ஓயாமல் ஓடிய படகுப் பாட்டை மட்டும் தொடமாட்டான். "முப்பது வயலின் வாசிச்ச பாட்டுப்பா. நாம வாசிச்சா ராஜாவுக்குக் கோவணம் கட்டின மாதிரி இருக்கும்" என்று தட்டிக் கழிப்பான்.

உள்ளே இருந்த காரணம் வேறு. அந்த மெட்டு, பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டுச் சுவருக்கு அந்தப்புறம் பிறந்தது. ஏலவார்குழலியின் அப்பா முனிரத்தினம் தறியில் உட்கார்ந்து புடவையின் உடலை நெய்வார். மனைவி அம்சவேணி பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவாள். அவர் ஒரு அடி பாடி நிறுத்துவார். அவள் நாடாவைத் தள்ளிக்கொண்டே, "ம்... ம்ஹும்" என்று இழுத்துப் பதில் சொல்வாள். பிறகுதான் அடுத்த அடி. சுவரில் காதை வைத்துக் கற்றுக்கொண்ட குமாரவேல், மதராஸில் ஒரு சினிமாக் கம்பெனியில் அதைத் தன் மெட்டு என்று வாசித்துக் காட்டினான். கைமேல் பலனாக, வாத்தியக்காரர் வரிசையில் கொஞ்ச காலம் ஒரு நாற்காலி கிடைத்தது. அம்சவேணி பதில் சொல்லும் இடத்தையெல்லாம் முப்பது வயலின்கள் அடைத்து மூடின. தறி இருந்த சுவடே இல்லை; ரேடியோவில் கேட்டாலும் அம்சவேணிக்கு அடையாளம் தெரியாது என்று நம்பியிருந்தான்.

இப்போது அந்த வயலின்கள் இல்லையே!

சபாபதி துருத்தியை அமுக்கினான். பாட்டு கிளம்பியது. முதல் அடி முடிந்தது. வயலின் வரவேண்டிய இடத்தில் வாசிக்க ஆளில்லாமல் மூவரும் நிறுத்தினார்கள். அந்த வெற்றிடத்தில் தபலாக்காரர் சும்மா இரண்டு தட்டுத் தட்டினார். அச்சு அசலாகத் தறிச் சத்தம்!

பந்தலின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ம்... ம்ஹும்."

எல்லாத் தலைகளும் திரும்பின. அம்சவேணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வலது கை, இல்லாத நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டாவது அடி. மறுபடி அவள் பதில். ஏலவார்குழலி சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

பாட்டு முடிவதற்குள் குமாரவேல் பந்தலை விட்டு நழுவினான். சமையல் கொட்டகை ஓரம் போவதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டாள் அம்சவேணி.

"தம்பி, ஏன் ஓடற? நில்லு."

நின்றான். அவள் காலில் விழுந்துவிடலாமா என்று தோன்றியது.

"அண்ணி, அந்தப் பாட்டு..."

"எங்க பாட்டுதான். ரேடியோல மொத தடவ கேட்டப்பவே தெரிஞ்சிபோச்சு. தெருவுல பாவு நூலை இழுத்துக் கட்டறப்பவும் இதத்தான் பாடிக்கினு இருப்போம். போறவன் வரவன் எவனோ கேட்டுக்கினு போய் சினிமாக்காரனுக்குக் குடுத்துட்டான். நீ ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிக்கினு இருக்கிற?"

குமாரவேலுக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தான். நினைத்ததற்காக அந்த நிமிஷமே தன்னை வெறுத்தான்.

"உனக்கு ஒண்ணு தெரியாதுப்பா" என்றாள் அவள். "உங்க அண்ணன் அந்தக் கம்பெனிக்கே போயிருந்தாரு. எம்பாட்டு எப்படிய்யா இங்க வந்துச்சுன்னு கேட்டிருக்காரு. திருட்டுப் பயலேன்னு வாசக் கேட்டாண்டயே புடிச்சுத் தள்ளியிருக்கானுங்க. 'எங்க தெருப் புள்ள குமாரவேலு உள்ளதான் வாசிக்கிறான், அவனக் கேளுங்க, இது யார் பாட்டுன்னு சொல்லுவான்'னு கெஞ்சியிருக்காரு. உள்ள போய்ட்டு வந்த கூர்க்கா, 'அந்த ஆளு இன்னிக்கு வரல'ன்னுட்டானாம்."

"எங்கிட்ட சொல்லவேயில்லையே, அண்ணி?"

"சொன்னா நீ போய் அவனுங்களோட சண்டை போடுவியாம். உன் பொழப்பு கெட்டுடுமாம். சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. கண்ண மூடற வரைக்கும் ஒரே பேச்சு. 'அன்னிக்கு மட்டும் குமாரவேலு வந்திருந்தா...'"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குத் திரும்பினாள்.

அன்றைக்குக் குமாரவேல் கம்பெனிக்கு வந்திருந்தான். மடியில் கிளாரினெட்டோடு உட்கார்ந்திருந்தவன், ஜன்னல் வழியாகப் பார்த்தான். கேட்டுக்கு வெளியே, கிழிந்த சட்டையோடு முனிரத்தினம் அண்ணன்.

"நான் வரலைன்னு சொல்லிடு" என்று கூர்க்காவிடம் சொல்லியனுப்பியதே அவன்தான்.