வீட்டில் இல்லாத ஜெனீற்றா

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவள் அனோஜினி. ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது சொன்னாள். "எழுதுங்கோ அண்ணை. ஆனா பேர், ஊர் ஒண்டும் சரியாப் போடாதேங்கோ" என்றாள். ஆகவே அனோஜினி அவள் பெயரல்ல, கரம்பொன் அவள் ஊருமல்ல. ஆண்டு மட்டும் 2005தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் அமைதியாக இருந்த ஒரு காலையில் அனோஜினி'... இல்லை. அன்று கடலை யார் பார்த்தார்கள்? அவள் தாயோடு யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், மடியில் ஒரு பத்திரக் கோவையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

2

கோவைக்குள் தகப்பன் எமிலியானுஸ், தாய் செபஸ்தியம்மா, அனோஜினி மூவரின் அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்தன. பாரிஸில் இருக்கும் அண்ணன் ஜெகதீஸ் ஈமெயிலில் கேட்டிருந்தான். எல்லாரையும் கூப்பிட ஒரு வழி திறந்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து அனுப்ப வேண்டுமாம். தன் தொலைபேசி பழுதாம், கோல் எடுக்க வேண்டாமாம்.

[தூரத்து வாசகருக்கு: அந்த நாட்களில் சோதனைச் சாவடியில் முதலில் அட்டையைப் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தை. உங்கள் அட்டையின் பிரதி இன்னொருவன் கையில் இருந்தால், அவன் செய்ததற்கு நீங்கள் சிறைக்குள் போக நேரலாம்.]

3

நெற் கபேயில் தாயும் மகளும் ஒரே கணினிக்கு முன்னால் இரண்டு கதிரைகளில் இருந்தார்கள். அனோஜினி மெயிலை இன்னொரு முறை படித்தாள். 'அன்புள்ள அனோஜினி' என்று தொடங்கியிருந்தது.

"அம்மா, அண்ணை என்னை எப்பவாவது அனோஜினி எண்டு கூப்பிட்டவரோ?"

"கட்டை எண்டுதானே கூப்பிடுவான். எழுதேக்கை மரியாதையா எழுதியிருப்பான்."

"மரியாதையோ? அண்ணையோ?"

[இங்கே நான் அனோஜினியைச் சந்தேகித்தேன். ஒரு பெயரை வைத்து இவ்வளவு யோசிப்பாளா? கேட்டேன். "பத்து வருஷம் உங்களை ஒருத்தர் கட்டை எண்டு கூப்பிட்டுப் பாக்கட்டும், விளங்கும்" என்றாள். விட்டுவிட்டேன்.]

அவள் தட்டத் தொடங்கினாள்: 'அண்ணை, ஜெனீற்றாவுக்குக் காய்ச்சல் விட்டிட்டுது. உங்களைக் கேட்டு ஒரே அழுகை.'

"ஆரடி ஜெனீற்றா?" என்றாள் செபஸ்தியம்மா.

"ஒருத்தருமில்லை. பொறுங்கோ."

ஆறு நிமிடத்தில் பதில் வந்தது. 'கடவுளுக்கு நன்றி. தங்கச்சி ஜெனீற்றா நினைப்பாவே இருக்கிறன். அவளின்ரை அட்டையையும் சேர்த்து அனுப்பு. நிலாந்தினி இண்டைக்குப் பின்னேரம் அனுப்புறா. நீங்கள்தான் மிச்சம்.'

பயமா, சந்தோஷமா என்று அனோஜினிக்கே தெரியவில்லை. கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

"அம்மா, இது அண்ணை இல்லை! ஆரோ அண்ணையின்ரை மெயிலுக்குள்ளை பூந்திட்டான்!"

செபஸ்தியம்மா கோவையைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, ஸ்கான் பண்ணுறதோ?"

"வேண்டாம் அண்ணை, ஒரு பக்கமும் வேண்டாம்!"

[எனக்குப் பொறாமைதான். மூன்று மாதமாக ஒரு பாத்திரத்துக்கு உயிர் கொடுக்க முடியாமல் திண்டாடுகிறேன். இவள் இரண்டே வரியில் காய்ச்சலும் அழுகையும் கொடுத்து ஒரு தங்கச்சியை உண்டாக்கிவிட்டாள்.]

4

துள்ளல் அடங்குவதற்குள் மற்றது உறைத்தது. நிலாந்தினி! ஊருக்குப் போகும் வழியில் மண்கும்பானில் இருப்பவள், அனோஜினியோடு படித்தவள். அவள் கணவன் லவனும் ஜெகதீஸும் பாரிஸில் ஒரே அறை. லவன் எழுதுவதும் ஜெகதீஸின் மெயிலில்தான்; அவன் பெயரிலும் அந்த ஆள் அட்டை கேட்டிருக்கிறான். நிலாந்தினி வீட்டில் தொலைபேசியும் இல்லை.

இருவரும் ஓடிப்போய்ப் பஸ் பிடித்தார்கள். பண்ணைப் பாலம் கடக்கும்வரை தாய் செபம் சொல்ல, மகள் மிதிபலகையருகே நின்றபடியே வந்தாள். [இங்கே 'அப்போது பஸ்ஸின் சில்லுக் காற்றுப் போய்'... என்று எழுதி வெட்டினேன். பஸ் நன்றாகத்தான் ஓடியது.]

மண்கும்பானில் எதிர்ப்பக்கம் யாழ்ப்பாணம் போகும் பஸ் நின்றது. நிலாந்தினி ஒரு காலை மிதிபலகையில் வைத்துவிட்டாள். கமக்கட்டுக்குள் இடுக்கியபடி ஒரு கோவை.

அனோஜினி குதித்து ஓடிப் பஸ்ஸுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றாள். "நிலாந்தினி, இறங்கும்! அந்த மெயில் எழுதினது அண்ணையுமில்லை, லவனுமில்லை!"

நிலாந்தினி இறங்கினாள். தெருவிலேயே நின்று முழுவதையும் கேட்டாள். முகம் மாறவில்லை.

"ரெண்டு வருஷமாக் காத்திருக்கிறன். இப்ப நீர் வந்து பொய் எண்டுறீர். எனக்கு முதல் நீங்கள் போகப் பாக்கிறியளோ?"

5

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் நிலாந்தினி அழுது, அனோஜினியைக் கட்டிப்பிடிக்கிறாள். "அவள் அவ்வளவு லேசா நம்புற ஆளில்லை" என்று அனோஜினி அதைத் தள்ளிவிட்டாள். மற்றதில் நிலாந்தினி போய் அனுப்பிவிடுகிறாள். மூன்று மாதம் கழித்துக் கொழும்பு விடுதி ஒன்றில் யாரோ அவளுடைய அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக் கையெழுத்து... இதை என்னால் முடிக்க ஏலவில்லை.

"அப்ப நீர் என்ன சொன்னனீர்?" என்று அனோஜினியைக் கேட்டேன்.

"நீங்கள் எண்டால் என்ன சொல்லியிருப்பியள்?" என்று திருப்பிக் கேட்டாள். ஆசையோடு நிற்கிற ஒருத்தியைத் தடுக்கிற வசனம் என்னிடம் இல்லை.

உங்களிடம் இருக்கலாம். கொண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் தட்டுகிறார். "தங்கச்சி, ஏறுறீரோ இல்லையோ?"

நிலாந்தினி உங்களைத்தான் பார்க்கிறாள். சொல்லுங்கள், கெதியாக.