கண்கட்டு

"மீனைப் பிரிச்சு வைக்கிறதுக்கு எதுக்குக்கா நீல விளக்கு?"

"கண்ணு சரியாத் தெரியல. வயசாகுதுல்ல."

"விளையாடாத. நீல விளக்குல மீனே சரியாத் தெரியாது. கிருமி மட்டும்தான் தெரியும்."

அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மறந்துவைத்த கைப்பேசியை எடுக்க இருட்டறைக்குத் திரும்பி வந்தவள், கதவைப் பிடித்தபடியே நின்றிருந்தேன்.

"கதவைச் சாத்து. வெளிச்சம் வருது."

உள்ளே வந்து சாத்தினேன்.

அவள் என் கூடப்பிறந்தவள். இந்த ஆய்வகத்தில் எனக்கு இடம் வாங்கித் தந்தவளும் அவள்தான். அவள் வீட்டு மாடியறையில்தான் தங்கியிருக்கிறேன். அவள் துவைத்து மடித்த கோட்டைத்தான் போட்டிருக்கிறேன்.

முட்டையை விட்டு வந்த புதிதில் வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். ரத்தம் ஓடுவதும், கிருமியைத் தேடிக் காவல் செல்கள் ஊர்ந்து போவதும், போய் விழுங்குவதும் அப்படியே தெரியும். முதல் முறை பார்த்தபோது வேறு யாரோ காணும் கனவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டதுபோலக் கூச்சமாக இருந்தது. குஞ்சுகளை மயக்கி, முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால், நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக ஒளிரும் கிருமியை உள்ளே செலுத்துவது என் வேலை. அதனால் எனக்கு இங்கே 'ஊசி' என்று பெயர். பிறகு பாதிக் குஞ்சுகள் புது மருந்து கலந்த தண்ணீருக்கும் மீதி வெறும் தண்ணீருக்கும் போகும். சில நாள் கழித்து எந்தக் குஞ்சுக்குள் எவ்வளவு பச்சை என்று எண்ணுவேன். எது மருந்துத் தட்டு என்று எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தன் ஆசைக்கு எண்ணிவிடும். அதனால் குஞ்சுகளைப் பிரிப்பதும், தட்டுக்கு ரகசிய அடையாளம் ஒட்டுவதும் அக்காவின் பொறுப்பு. இதற்குக் 'கண்கட்டு' என்று பெயர் வைத்திருந்தோம். "கண்கட்டா, கண்கட்டு வித்தையா?" என்று அடுத்த மேசைத் தூங்குமூஞ்சி கேட்பான். நாங்கள் சிரிப்போம்.

பிரிக்கிறவளும் குஞ்சைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பிப்பெட் குழாயில் உறிஞ்சி வருவதை இங்கொன்றும் அங்கொன்றுமாக விட வேண்டியதுதான். அதற்குச் சாதாரண வெளிச்சமே போதும்.

"தள்ளு, பார்க்கிறேன்."

"வேணாம்."

தள்ளிவிட்டுக் குனிந்தேன். இடப்பக்கத் தட்டில் குஞ்சுகள் பச்சைப் பச்சையாக ஜொலித்தன. வலப்பக்கத்தில் அங்கங்கே ஒரு பொட்டு, அவ்வளவுதான். இன்னும் மருந்தே சேர்க்கவில்லை.

"மருந்து எந்தத் தட்டுல ஊத்தப் போற?"

அவள் பிப்பெட்டைக் கீழே வைத்தாள். பார்வை தானாக வலப்பக்கத் தட்டுக்குப் போனது.

அந்த மருந்து கிருமியை அடக்குகிறது என்று நான்தான் கண்டுபிடித்திருந்தேன். அதை நம்பி, அடுத்ததாக எலிகளில் தொடங்கலாமா என்று இன்று மதியக் கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறார்கள். பேசப்போவது நான்.

"போன மாசம் உன் சின்னப் பையனுக்குக் காய்ச்சல்னு நீ லீவு போட்ட. தூங்குமூஞ்சிதான் பிரிச்சான். எண்ணிப் பார்த்தா ரெண்டு தட்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. அவன் தண்ணியைக் கெடுத்துட்டான்னு நீதானே சொன்ன? நானும் அவனை வாய்க்கு வந்தபடி திட்டுனேன்."

"அவன் அதைக் காதுலயே வாங்கியிருக்க மாட்டான்."

"எத்தனை தடவைக்கா?"

"முதல் தடவை ஒழுங்காத்தான் பிரிச்சேன். ஒண்ணும் வரல. நீ சாப்பிடாமப் போய்ப் படுத்துக்கிட்ட. அம்மா போன்ல அழுறாங்க. இந்த வருஷமும் எதுவும் காட்டலைன்னா உன்னை அனுப்பிடுவாங்க. வேற என்ன பண்ணச் சொல்ற?"

"அப்ப நான் எண்ணினதெல்லாம்?"

"நீ சரியாத்தான் எண்ணின. உன்மேல ஒரு தப்பும் இல்ல. யார் கேட்டாலும் நிமிர்ந்து நின்னு சொல்லலாம்."

சமாதானம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். நான் எண்ணியதில் பொய் இல்லை. எண்ணச் சொல்லி என் கையில் கொடுத்ததுதான் பொய். முதன்முதலாக வித்தியாசம் தெரிந்த அன்று, மாடியறையில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்கி ஓடி அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் கண் கலங்கியது. சந்தோஷம் என்று நினைத்தேன்.

மறுபடி குனிந்தேன், அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க. ஒரு குஞ்சின் வாலில் பச்சைப் பொட்டு ஒன்று, அதை விழுங்கிய காவல் செல்லோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. இந்தக் கிருமி விழுங்கியவனுக்குள்ளேயே சாகாமல் குடியிருக்கும். அவன் போகிற இடமெல்லாம் கூடவே போகும். இதைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

"உனக்காகத்தான்டி செஞ்சேன்."

"என்னால முடியாதுன்னு முடிவு பண்ணிட்டு செஞ்ச."

"பேசத் தெரியும்னு பேசாத." குரலைத் தணித்துக்கொண்டாள். "இங்க பாரு, ஒண்ணு செய்யலாம். இனிமே ஒழுங்காப் பிரிக்கிறேன். வித்தியாசம் வரலைன்னா மருந்து பழசாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

எல்லாவற்றையும் எப்போதோ யோசித்து வைத்திருக்கிறாள். வீட்டில் யாருக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து வைத்திருப்பதுபோல.

வெளியே நாற்காலிகளை இழுக்கும் சத்தம். தூங்குமூஞ்சி கதவைத் தட்டினான். "ஊசி, பெரியவர் கூப்பிடுறாரு. எல்லாரும் வந்தாச்சு. நானே முழிச்சுக்கிட்டு இருக்கேன்னா பாத்துக்க."

பெரியவர் என்பது எங்கள் ஆய்வகத் தலைவர். குரல்தான் பெரிசு, மனிதர் நல்லவர். அக்காவை வேலையில் சேர்த்தவரும் அவர்தான்.

"வர்றேன்னு சொல்லு," என்றேன். காலடிச் சத்தம் தேய்ந்தது.

அக்கா கையுறையைக் கழற்றத் தொடங்கினாள். ஒரு விரல், இன்னொரு விரல்.

"நீயே வந்து சொல்லுக்கா," என்றேன். "நான் சொன்னா உன்னைக் காட்டிக்கொடுத்ததா ஆயிடும். நான் பக்கத்துல நிக்கிறேன். என்கூட வா."